ஊசியை நிறுத்திய மாப்பிள்ளைக்கு

என் தங்கை செல்லம்மாவைக் கட்டியவனும், என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமானவனும், ஆனாலும் என் உயிருக்குச் சமமானவனுமான மாப்பிள்ளை முத்தையாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. அங்கே சுகமா என்று கேட்க மாட்டேன். எங்கே போனாலும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வது உன் ராசி. நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில்தான் ஏறினோம். நடுக்கடலில் புயல் அடித்து மாலுமியே கையை விட்டபோது, சுக்கானைப் பிடித்துக் கப்பலைப் பினாங்கு வரை கொண்டுவந்து சேர்த்தவன் நான். ஆனால் பினாங்கு வீதியில் மளிகைக் கடை வைத்துக் கல்லாவில் உட்கார்ந்தவன் நீ. நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன்.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். வியாதியிலும் நீ முந்திக்கொண்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உனக்கு நீரிழிவு என்று தெரிந்ததும் என்ன ஒரு மரியாதை. சீமையிலிருந்து வருகிற மருந்து, இன்சுலின் என்று பெயர், ரப்பர் மூடி போட்ட சின்னப் புட்டி. வெயில் பட்டால் கெட்டுவிடும் என்று சீனர் ஐஸ் கடையில் அதற்குத் தனி இடம். காலையில் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற டிரெஸ்ஸர் வந்து கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுப்பார். நீ சட்டையைத் தூக்கிக்கொண்டு, முகம் சுளிக்காமல், வருகிறவனிடம் மிளகாய் விலை பேசிக்கொண்டிருப்பாய். பார்ப்பதற்கென்றே வாசலில் நாலு பேர் நிற்பார்கள்.

"தொரைமாருக்குப் போடுற மருந்துலா. நம்ம முத்தையா அண்ணனுக்கும் போடுறாங்க."

கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறியவன் நான். வேல் என்றால் சாதாரண வேலா, வாழைமரம் பருமன். என்னை எவன் நின்று பார்த்தான்?

போன வருஷம் தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டியதும் ஊசி வேண்டாம் என்றாய். "மாட்டு உறுப்புலேருந்து எடுக்கிற மருந்து. விரதக்காரன் உடம்புல ஏத்தலாமா? பூசம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்று கடையில் எல்லோரும் கேட்கச் சொன்னாய். பூசம் வரை நீ இருக்கவில்லை. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக் கேட்டு மயங்கினாய், அப்புறம் கண்ணைத் திறக்கவேயில்லை.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? விரதத்தில் போன புண்ணியவான் என்றது. இன்றைக்கும் கோயிலில் உன் பேச்சுத்தான். நான் செத்தால், கதை விடுகிற கிழவன் போய்விட்டான் என்பார்கள். சாவில்கூட உனக்கு நல்லதாக அமைய வேண்டுமா, மாப்பிள்ளை?

அப்புறம் எனக்கும் வந்தது. கொல்லையில் நான் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. டாக்டர் என் நீரை நீல மருந்தில் கலந்து காய்ச்சினார். சர்க்கரை ஏற ஏறச் சிவக்குமாம்; செங்கல் நிறத்துக்கு மாறியது.

"மாப்பிள்ளையோடத விட இது செவப்பா, டாக்டர்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அதிலிருந்தே தெரியவில்லையா?

ஆனால் மருந்து? வயதாகிவிட்டதென்று துறைமுகம் அனுப்பிவிட்ட ஆள் நான். அந்தப் புட்டியை வாங்கினால் அரிசி வாங்க முடியாது. செல்லம்மாதான் உன் கடை வருமானத்தில் மாதாமாதம் வாங்கித் தருகிறாள். ஒவ்வொரு காலையும் உன் காசு என் உடம்பில் ஏறுகிறது. ஊசி குத்துகிற வலியைவிட அதுதான் வலிக்கிறது.

அதனால் இந்த வருஷம் நானும் காப்புக் கட்டினேன். டிரெஸ்ஸரைத் திருப்பி அனுப்பினேன். நீ செய்ததையே செய்து, கூடவே பூசம் வரை உயிரோடிருந்து காவடியும் எடுத்துவிட்டால், நீ தோற்றாய் அல்லவா?

மத்தியானமே செல்லம்மா கடையைப் பூட்டிவிட்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள்.

"ஊசி வேணாமாம்ல?"

"மாப்பிள்ளை செஞ்சத நான் செய்யக் கூடாதா? மாட்டு மருந்து, தாயி."

"அதுக்கு முந்தின வருசப் பூசத்துக்கு ஊசி போட்டுக்கிட்டுத்தானே மலை ஏறுனாரு? அப்ப மாடு எங்கண்ணே போச்சு?"

நான் காப்புக் கயிற்றைத் திருகினேன்.

"ரப்பர் வெல விழுந்து, தோட்டத்துல ஆளக் கொறச்சு, கடைக்கு ஆள் வர்றதே நின்னு போச்சு. சரக்கு எடுத்தா மருந்துக்கு இல்ல, மருந்து வாங்குனா சரக்குக்கு இல்ல. மொதல்ல பாதி பாதியாப் போட்டுக்கிட்டாரு. காப்புக் கட்டுற நாள் வந்ததும், முருகன் நல்ல சாக்கு குடுத்துட்டான், இனி எவனும் கேக்க மாட்டான்னாரு. நான் அழுதேன். கடை போனா நீ எங்க போவன்னு என்னையே திருப்பிக் கேட்டாரு."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"சாமின்னு கும்புடுறாங்க, இருக்கட்டும்னு வாய மூடிக்கிட்டேன். இப்ப நீங்களும் சாமியாகக் கெளம்பிட்டீங்க. அந்தக் கடை அவர முழுங்கித்தான் நின்னுச்சு. இப்ப நல்லா ஓடுது. இன்னொருத்தர முழுங்க விட மாட்டேன். சட்டையத் தூக்குங்க."

ஐஸ் கடையிலிருந்து புட்டியை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பின்னாலேயே டிரெஸ்ஸரும் நின்றார். தூக்கினேன். நான் அலறியதாக அந்த மனுஷர் சொல்லித் திரிகிறார். நம்பாதே.

மாப்பிள்ளை, இந்த ஊரில் புளுகன் என்றால் நான்தான். ஊரே ஒத்துக்கொண்ட பட்டம் அது. நீ ஆயுசில் ஒரே ஒரு புளுகு சொன்னாய். ஊர் நம்பியது, கோயில் நம்பியது, கேட்ட மாத்திரத்தில் புளுகை மோந்து பிடிக்கிற நானும் நம்பினேன். எனக்கென்று இருந்த ஒரே தொழிலிலும் என்னைத் தோற்கடித்துவிட்டாயே.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னிடம் காசில்லை, வாஸ்தவம். வாய் இருந்ததே. துறைமுகத்திலிருந்து தண்ணீர்மலை வரை தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். உன் ஊசியை வேடிக்கை பார்த்தவன் ஒருவன் விடாமல் மருந்துக்குக் கை கொடுக்க வைத்திருப்பேன். எனக்கு வருகிற வேலை அது ஒன்றுதானே. அதைச் செய்யவும் நீ விடவில்லை.

இதைப் பத்திரிகையில் போடச் சொல்லிச் செல்லம்மாதான் கேட்டாள். அக்கரையில் நிபோங் திபால் ஊரில் ஒரு பெரியவர் உன் கதையைக் கேட்டு மருந்தை நிறுத்தியிருக்கிறாராம். அவருக்கும் காசு முடையா, பக்தியா, யாருக்குத் தெரியும்? "உள்ளபடி எழுதுங்கண்ணே, ஒங்க கைச்சரக்கு வேணாம்" என்றாள். ஆகையால் கப்பலையும் வாழைமரத்தையும் தள்ளிவிட்டால் மற்றதெல்லாம் சத்தியம்.

பூசத்தன்று மலையடிவாரத்தில், காவடியைத் தோளில் ஏற்றுமுன், ஊர் பார்க்க ஊசி போட்டுக்கொள்வேன். அதற்குப் பிறகும் ஒரு காலை தவறாமல் போட்டுக்கொள்வேன், உன் காசிலேயே. நீ இருந்ததைவிட அதிக வயது இருந்து காட்டுவேன். அந்த ஒன்றிலாவது என்னை முந்தவிடு.

உன் காசில் மூச்சு விடுகிற,
உன் செல்லம்மாவின் அண்ணன்