ஊஞ்சல் பலகையில் ஆறு துளைகள்

நேற்று உன் மகள் உன் கிடாரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "கம்பி மாத்தணும் மாமா" என்றாள். நீ போனபிறகு அதன் பெட்டியை யாரும் திறக்கவில்லையாம். பழைய கம்பியை உருவியதும் துளையிலிருந்து மஞ்சள் தூள் கொஞ்சம் என் வேட்டியில் உதிர்ந்தது. பலாமரத் தூள். முகர்ந்து பார்த்தேன். ஸ்ரீவராகத்தில் உங்கள் வீட்டு முற்றம் அப்படியே வந்துவிட்டது, மழைக்கு முந்தைய மத்தியான வெளிச்சத்தோடு.

அந்தக் கிடாரின் உடல் உன் அம்மாவின் ஊஞ்சல் பலகை. ஒரு முனை வெடித்ததால் கழற்றி வைத்திருந்தது. கல்லூரிப் பாட்டுக் குழுவில், சொந்தமாக எலக்ட்ரிக் கிடார் இருந்தால் வா என்று உன்னிடம் சொல்லிவிட்டார்கள். நாமே செய்துவிடலாம் என்றாய். உனக்கு எப்போதும் எல்லாமே செய்துவிடலாம்தான். "வேற பலகை கிடையாது, பத்திரம் கேட்டோ" என்று மலையாளம் கலந்து எச்சரித்துத்தான் அம்மா கொடுத்தாள்.

உருவம் அறுத்தாயிற்று. மிச்சம் அந்த ஆறு துளைகள். கம்பியைப் பின்னாலிருந்து கோத்து முன்னால் இழுத்துக் கட்டினால்தான் நாதம் நிற்கும் என்று எங்கோ கேட்டு வந்திருந்தாய். சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் இரவல் வாங்கிய கை டிரில்லை நீ சுற்ற, சாய்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

"நேரா இருக்காடா?"

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. சுத்து."

பக்கவாட்டில் சம்மணம் போட்ட நான் எழுந்திருக்கவே இல்லை. டிரில் உன் பக்கம் சாய்ந்தால் எனக்குத் தெரியும். என் பக்கம் சாய்ந்தால் தெரியாது. இது இருவருக்குமே தோன்றவில்லை. பலகையைத் திருப்பினால், முன்னால் ஒரே வரிசையாக இருந்த துளைகள் பின்னால் ஒன்று அங்கே, ஒன்று இங்கே. குழுவில் உன் இடமும் போயிற்று, அம்மாவின் பலகையும் போயிற்று என்று நினைத்தேன். நீயோ வெகுநேரம் பார்த்துவிட்டு, "பின்பக்கத்தை என் வயிறுதானே பாக்கப்போறது" என்றாய்.

அம்மா வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தோம். "இப்படிப் புள்ளி வெச்சா யார்டா கோலம் போடறது?" என்று உள்ளே போனவள் அரிசி மாவோடு வந்தாள். குனிந்து, ஆறு துளைகளையும் சுற்றிச் சுற்றிக் கையெடுக்காமல் ஓர் இழை இழுத்தாள். தொடங்கிய இடத்திலேயே அது வந்து சேர்ந்தது. "சரியாயிடுத்து. போய் வாசி."

டிரில்லைத் திருப்பிக் கொடுக்க நான் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் மாவைத் துடைத்திருந்தாய். கிடார் பாடியது. உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அதன் முதுகை அப்புறம் நான் பார்த்ததே இல்லை. நீ கீழே வைத்தால்தானே.

நேற்றுதான் திருப்பினேன். மாவு போன வழியெல்லாம் மெல்லிய கோடாகக் கீறி வைத்திருக்கிறாய். ஒரு வளைவும் விட்டுப்போகவில்லை.

"எந்தா மாமா, ஓட்டையெல்லாம் இப்படி? அப்பாகிட்ட கேட்டா, 'நேரா இருக்குன்னு உன் மாமாவே பாத்துச் சொல்லியிருக்கான்'னு சிரிப்பார்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

உன்னால் எனக்கு ஒரு பழக்கம். யாராவது ஏதாவது நேராக இருக்கிறதா என்று கேட்டால், எழுந்து ஒரு சுற்று வந்து பார்த்துத்தான் பதில் சொல்வேன். நேற்று மட்டும் எழுந்திருக்கவில்லை. புதுக் கம்பிகளைக் கோத்து, கிடாரை அவள் கையில் கொடுத்து, "நேராத்தாம்மா இருக்கு" என்றேன்.