நீ திட்டாமல் விட்ட ஒரே புத்தகம்

என் பிரியமான மாப்ளே சௌந்தரு,

செத்தவுகளைத் திட்டக்கூடாதும்பாக. ஊரையெல்லாம் திட்டின உனக்கு அந்தச் சலுகை எதுக்கு? உன் பத்திரிகையை வாசித்தவர்களும் கேட்கட்டும் என்றுதான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

பேய்ப்படம், மாயாஜால நாவல், யாரும் சீண்டாத காமிக்ஸ் என்று தேடித்தேடிப் பார்த்தும் படித்தும், உத்தமபாளையத்தில் ஜெராக்ஸ் போட்டு மாதாமாதம் விமர்சனம் அனுப்புவாய். "இந்தப் பேயைக் கண்டு நடுங்கியவர் பணம் போட்டவர் மட்டும்தான்" என்று ஒரு படத்தைக் கிழித்தாய். அந்த இயக்குநர் போனில் வைததை ஸ்பீக்கரில் போட்டுச் சிரித்தாய். அவரே அடுத்த படத்தை முதலில் உனக்குத்தானே அனுப்பினார்?

அப்பேர்ப்பட்டவன் என் மகள் கயலின் காமிக்ஸுக்கு என்ன எழுதினாய்? "அருமையான முயற்சி. வாழ்த்துகள்." லோயர்கேம்ப் மலையில் இறங்குகிற மின்நிலையக் குழாய்க்குள் ஒரு பேய். அதை இரண்டு வருசம் வரைந்தாள். நீ கொடுத்தது மொய்க்கவரில் எழுதுகிற வார்த்தை.

நீ போன பிறகு, உன் புத்தகங்களை எடுத்துப்போகச் சொல்லி உன் வீட்டிலிருந்து என் தங்கச்சி கூப்பிட்டது. கயலும் வந்தாள். எதைத் திறந்தாலும் உன் சிவப்பு மை, பக்கத்துக்குப் பக்கம் வசவு. அவள் புத்தகத்தில் மட்டும் ஒரு புள்ளி இல்லை.

"மாமா எல்லாரையும் திட்டுனாக. நான் திட்டு வாங்கக்கூட லாயக்கில்லையாப்பா?"

அன்றோடு வரைவதை நிறுத்திவிட்டாள்.

என் ஏலக்காய் வியாபாரத்தில் சரக்கு மட்டமாக இருந்தால் கொண்டுவந்தவர் முகத்துக்கு நேரே சொல்வேன். சொன்னால்தான் அடுத்த தடவை ஒழுங்காகக் காயவைப்பார். போடியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து இதைப் பார்த்தவன்தானே நீ? என் வீட்டுச் சோறு உன் வாயைக் கட்டிவிட்டதா? இல்லை, என் முகத்துக்குப் பயந்தாயா?

பேய்க்கதைப் பக்கமே போகாத நான், போன ஞாயிற்றுக்கிழமை கயலின் காமிக்ஸை இரண்டு தரம் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஏத்தா, குழாய்ல தண்ணி அந்த வேகத்துல இறங்குது. உம் பேய் உள்ள நின்னு ஆறு பக்கத்துக்குத் தன் வரலாறு சொல்லுது. எனக்குப் பயம் போயி கொட்டாவி வந்துருச்சு."

"பேய்க்கதையில தண்ணி வேகம் பாக்குறீகளே! உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஆனா வாட்ச்மேன் குழாயில காதை வைக்கிறான் பாரு, அங்கன எனக்கு முதுகு சிலுத்துருச்சு. அதுக்கு மேல பேய் வாயே திறந்திருக்கக் கூடாது."

கதவை அறைந்து சாத்தினாள். மூன்றாம் நாள் காலை, என் காப்பித் தம்ளருக்கு அடியில் ஒரு தாள். குழாய், வாட்ச்மேன், அவன் காது. பேயைக் காணோம். ஓரத்தில் எழுதியிருந்தாள்: "இப்பத் திட்டுங்க."

திட்டினேன். காது பணியாரம் மாதிரி இருந்தது.

இது நீ செய்யவேண்டிய வேலை மாப்ளே. எனக்கு இதில் ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அவள் வரைகிற ஒவ்வொரு பக்கத்தையும் படிப்பேன், ஒரு வார்த்தை பொய்யாகப் புகழமாட்டேன். இது சத்தியம். உன்னை மன்னிப்பதாக மட்டும் இல்லை.

ஆத்திரம் அடங்காத உன் மச்சான்,
பழனிசெட்டிபட்டி தவமணி