திங்கள் முதல் வெள்ளி வரை

பாளையங்கோட்டை,
3.6.2024

அன்புள்ள முத்துராணிக்கு,

என்னை நீங்கள் பார்த்ததில்லை. என் பெயர் விஜயஸ்ரீ. இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பொதுப்பணித்துறையில் வாய்க்கால் ஓவர்சியராக இருந்த பாலசுப்பிரமணியன் எனக்கும் அப்பா. ‘எனக்கும்’ என்று எழுத எனக்கு முப்பத்தொரு வருடம் ஆகியிருக்கிறது.

அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. அம்மா பிரம்மநாயகி மூன்று வருடத்துக்கு முன் காலமானாள். அதிலிருந்து அப்பா என்னோடும் என் கணவரோடும் இருக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஞாபகம்தான் ஒவ்வொன்றாக விட்டுப்போகிறது. என் பெயர் தை மாதமே போய்விட்டது. பங்குனியிலிருந்து வேறொரு பெயர் வந்திருக்கிறது. வாசலில் சத்தம் கேட்டால் போதும், “ராணி வந்துட்டாளா?” என்கிறார். குளிக்க வாளியில் தண்ணீர் பிடித்தால், “ஏட்டி ராணி, பைய இறங்கு, கரை வழுக்கும்” என்று சத்தம் போடுகிறார். “யாரு ராணி?” என்று என் கணவர் ஐயம்பெருமாள் கேட்டார். அப்பாவின் ஆபீஸில் வேலை பார்த்தவளாக இருக்கும் என்று பொய் சொன்னேன்.

உங்கள் முகவரி எனக்கு மனப்பாடம். எப்படி என்று பிறகு சொல்கிறேன். அதே வீட்டில்தான் இருக்கிறீர்களா என்பது தெரியாது.

ஒரு தடவை வந்து அவரைப் பார்ப்பீர்களா? என் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கேட்க உரிமை இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
விஜயஸ்ரீ


ஏரல்,
16.6.2024

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. “ஒனக்கு லெட்டரா? பேங்க்ல இருந்தா?” என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார் தபால்கார அப்பாத்துரை அண்ணாச்சி. அதே வீடுதான். கல்யாணமான பிறகும் அம்மா பேச்சித்தாயைத் தனியே விட மனமில்லாமல் இங்கேயே இருந்துவிட்டேன். அம்மா வாழைத்தோட்ட வேலைக்குப் போவதைப் போன வருடம்தான் விட்டாள். நான் அங்கன்வாடியில் இருக்கிறேன். போனில் வேண்டாம் டீச்சர். எழுதினால் வேண்டாத வார்த்தையை அடித்துவிடலாம்.

ஆற்றில் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது அப்பாதான். அதைத்தான் சொல்கிறார். திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அம்மா வேலை முடிந்து வருவதற்குள் அடுப்பில் குழம்பு கொதிக்கும். மீன் ஆய்வதில் அம்மா கையைவிட அவர் கை சுத்தம். ஆய்ந்துகொண்டே பாடுவார். தெருவில் போகிறவர்களைப் பற்றி அவராகவே இட்டுக்கட்டிய பாட்டு. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வரும். வெள்ளிக்கிழமை ஆனால் திருநீறு பூசி, கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வேறு ஆளாகிவிடுவார். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. அவர்தான் உங்கள் அப்பா போலிருக்கிறது.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது, வகுப்பில் எனக்கு மட்டும் அம்மா பெயர் இனிஷியல். உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் மீனை ஆய்ந்துகொண்டே இருந்தார். “இனிஷியல் குடுக்க முடியாதவிய எதுக்கு இங்கன வாறிய?” என்று கேட்டுவிட்டேன். மறுநாள் வெள்ளி. போனவர் திரும்பி வரவில்லை. அவர் பையில் பார்த்து வைத்திருந்த முகவரிக்கு ஒரு கடிதம் போட்டேன். அதற்கும் பதில் இல்லை.

அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்காத திங்கட்கிழமை எனக்குக் கிடையாது. அவர் தேடுவது அந்தப் பதினைந்து வயது ராணியை. நாற்பத்தாறு வயதில் நான் வந்து என்ன செய்ய? வேண்டாம் டீச்சர். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பே. முத்துராணி


பாளையங்கோட்டை,
21.6.2024

அன்புள்ள முத்துராணிக்கு,

அப்பா மீன் ஆய்வாரா! எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. அவர் பாடி நான் கேட்டதில்லை. சனியும் ஞாயிறும் நாற்காலியில், பேப்பருக்குப் பின்னால் இருப்பார். அம்மாவும் நானும் காலடிச் சத்தம் கேட்காமல் நடப்போம். குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போனால் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடமாட்டார். அவருக்கு நீந்தத் தெரியும் என்பதே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. என் சான்றிதழ்களில் எல்லாம் அவர் பெயர் இருக்கிறது. ஆள் உங்களிடம் இருந்திருக்கிறார். படிவங்களில் ‘உடன்பிறந்தோர்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதி எழுதியே பழகிவிட்டேன்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு நீங்கள் என்னை வெறுக்கலாம்.

அவர் வராமல் போனது உங்கள் வார்த்தையால் இல்லை. அந்தத் திங்கட்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்காக அந்த வாரம் லீவு போட்டிருந்தார், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை உங்கள் இன்லண்ட் லெட்டர் வந்தது. ‘அப்பா, இனிஷியல் வேண்டாம். நீங்க வந்தாப் போதும்’ என்று எழுதியிருந்தீர்கள். தபால்காரரிடம் வாங்கியது நான். பிரித்ததும் நான். எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணம் நிச்சயமாகிற நேரம். அம்மா கோயிலுக்குப் போன வேளையில் அப்பா முன்னால் போய் நின்று, “இனிமே ஏரலுக்குப் போனியன்னா நான் ஆத்துல விழுந்து செத்துருவேன்” என்றேன். அவர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்த மாதமே அம்பாசமுத்திரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

உங்கள் கடிதத்தை நான் அவரிடம் காட்டவில்லை. அடுப்பில் போட்டேன். முகவரி மட்டும் மனதில் நின்றுவிட்டது. நீங்கள் வர வேண்டாம் என்று சொன்னது மட்டும்தான் அவருக்குத் தெரியும். நீங்கள் வரச் சொன்னது தெரியாது.

அம்மாவுக்குக் கடைசி வரை எதுவும் தெரியாது. என் கணவரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் அது உங்கள் தலையில் இன்னொரு சுமை. அதனால் கேட்கவில்லை.

விஜயஸ்ரீ


ஏரல்,
8.8.2024

டீச்சர்,

உங்கள் கடிதம் ஜூனிலேயே வந்துவிட்டது. என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் ஒன்றரை மாதம் ஓடிவிட்டது.

பதினெட்டாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். அப்பாவைப் பார்க்க மட்டும்தான். அந்த நேரம் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம்.

பே. முத்துராணி


பாளையங்கோட்டை,
12.8.2024

அன்புள்ள முத்துராணிக்கு,

சரி. என் கணவர் கதவைத் திறப்பார். நான் என்னோடு வேலை பார்க்கும் அனுராதா டீச்சர் வீட்டில் இருப்பேன். அப்பா காபிக்குச் சீனி கேட்பார். டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார். ஆனால் உங்கள் கையால் கொடுக்க நினைத்தால் கொடுத்துவிடுங்கள்.

விஜயஸ்ரீ


ஏரல்,
25.8.2024

பாளையங்கோட்டை வீட்டுக்கு,

நீங்கள் இல்லாதபோது நடந்ததை நான்தானே சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். “நெத்தி மாமாவுக்கு உள்ளது மாதிரியே இருக்கு” என்றார். பிறகு அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்பா எவ்வளவு சின்ன ஆளாகிவிட்டார்! எங்கள் வீட்டு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிறவராகத்தான் என் மனதில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

“எந்த ஊரும்மா?” என்றார்.

“ஏரல்.”

முகம் மலர்ந்துவிட்டது. “ஏரலா? அங்கன எம்மவ இருக்கா. ராணின்னு பேரு. பார்த்திருக்கியா?”

“பார்த்திருக்கேன்.”

“கோவமா இருக்காளோ?”

“இல்லியே.”

“அவ கேட்டதுல தப்பே இல்லன்னு சொல்லு. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியல. மாத்தல் போட்டுட்டாவ, அதான் வர முடியலன்னு சொல்லு. சொல்லுதியா?”

“சொல்லிருதேன்” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே தூங்கிப்போனார். உங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள்மேல் பழி வந்துவிடக் கூடாது என்றுதானோ என்னவோ, பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மாவையும் கூப்பிட்டுத்தான் பார்த்தேன். “நான் பார்த்த ஆளு அங்கன இருக்க மாட்டாவ. நீ போயிட்டு வா” என்றுவிட்டாள். திரும்பி வந்ததும், “நல்லா சாப்பிடுதாவளா?” என்று மட்டும் கேட்டாள். நீங்கள் பிசைந்து ஊட்டினால்தான் சாப்பிடுவாராம், உங்கள் வீட்டுக்காரர் சொன்னார். அதைச் சொன்னேன். அம்மா “அந்தப் பிள்ள நல்லா இருக்கட்டும்” என்றாள்.

எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. நீங்கள் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் இத்தனை வருடமாக என் வாயையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதிலிருந்து என்னை எடுத்துவிட்டதும் நீங்கள்தான். அக்கா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இனிமேல் வருமா, தெரியாது.

ஒன்றை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். என் மகள் சுகன்யா பாளையங்கோட்டையில்தான் காலேஜ் படிக்கிறாள். விடுதியில் இருக்கிறாள். உங்கள் வீட்டிலிருந்து இரண்டே பஸ் ஸ்டாப். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புதன்கிழமை காலேஜ் விட்டதும் தாத்தாவைப் பார்க்க வருவாள். “டீச்சரை நான் என்னன்னு கூப்பிட?” என்று கேட்டாள். பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

வந்தால் அவளைச் சாப்பிட வைத்து அனுப்புங்கள். விடுதிச் சாப்பாடு அவளுக்குச் சேரவில்லை.

பே. முத்துராணி