பாதியில் நின்ற வால்

அக்கா, தாலியறுத்த உன் கையால் தீனி தின்றதால்தான் கோயில் காளைக்குக் கன்று பிறக்கவில்லை என்றார்கள். அபிஷேகத்துக்கு உன் மாட்டுப் பாலை வாங்குவதை நிறுத்தினார்கள். அது அநியாயம். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அநியாயம்தான்.

இன்று காலை புண்ணாக்கு ஊறும் வாசனை வந்தது. பக்கத்துத் தொழுவத்தில் உன் மகள் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடினேன், நீயே நின்றாய்.

சிங்கப்பூர்த் தேக்காவில் நம் தொழுவ வரிசைப் பசுக்களெல்லாம் அந்த ஒரு காளையிடம்தான் போகும். சாமிக்கு நேர்ந்துவிட்டது; அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. பழியைச் சுமக்க நீ இருந்தாய்.

மாட்டு வைத்தியரின் உதவியாள், யாழ்ப்பாணத்துத் தம்பி, பூதக்கண்ணாடிக் குழாயைத் தவிட்டுப் பீப்பாய்மேல் வைத்த பகல் நினைவிருக்கிறதா? முதலில் வேறொரு காளையின் விந்து. ஒரு சொட்டுக்குள் அத்தனை வால்கள், சத்தமில்லாத கடலில் நெளிந்து நெளிந்து போயின. நீ குழாயிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. அடுத்தது நம் காளையுடையது. தலைகள் அசையாமல் மிதந்தன. வால் இருக்கவேண்டிய இடத்தில் சிறு முளை, சில சுருண்ட நூல்கள்.

"முதல்ல உதுகள் உருண்டையாத்தான் அக்கா இருக்கும். பிறகு ஒரு பக்கத்தால மயிர் மாதிரி வால் வெளிக்கிடும். வால் நீண்டு முடிய, மிச்சச் சதையைக் கழட்டி எறிஞ்சிடும். இதுகளுக்கு வால் பாதியிலயே நிண்டு போச்சுது."

"சதையைக் கழட்டினாத்தான் ஓட முடியுமா? அப்ப அந்தத் தொந்தியோட நம்ம கோயில் தலைவருக்கு இந்த ஜென்மத்துல வால் முளைக்காது தம்பி!" என்றாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தலைவரோ குனிந்து பார்க்கவே மறுத்தார். "சாமி காளைக்கு வெள்ளைக்காரன் கண்ணாடியா? போம்மா."

பிறகு நானே எழுத்துக்கூட்டி ஆங்கிலப் புத்தகம் படித்தேன். குதிரை, ஆடு, எலி, மனிதன், எல்லோருக்கும் அந்த உருண்டைதான் தொடக்கம். அந்தரங்க இருட்டில் வால் நீள்கிறது. எந்த விதவையின் கையும் அங்கே எட்டாது. தூக்கத்திலும் அந்த வால்கள் என்னுள் நீந்துகின்றன.

ஆகவே சொல்கிறேன். உன்னைப் பழித்த அதே கோயில் மண்டபத்தில் நின்று தலைவர் தம் வாயால் பழியை எடுக்கவேண்டும். குருக்கள் உன் மகளின் பால் செம்பைக் கைநீட்டி வாங்கவேண்டும். தொழுவக்காரர்கள் வேறு காளை கொண்டுவரவேண்டும். கிழக்காளைக்குச் சாகும்வரை தீனி வைக்கவேண்டும், அது என்ன பாவம் செய்தது? இவையெல்லாம் நடக்கும்வரை என் பாலும் கோயில் வாசலைத் தாண்டாது. அது என் வேலை.

உனக்கு வேலை ஒன்றுமில்லை, அக்கா. படுத்திரு.