ஆளில்லாத அறை

சுன்ச்சொன், நவம்பர் 6

அன்புள்ள நாரே,

உன் கம்பெனியிலிருந்து நீ அனுப்பிய ஆள் வந்து, எல்லா அறைகளின் கூரையிலும் நீங்கள் செய்யும் அந்த வெள்ளைக் கண்களை ஒட்டிவிட்டுப் போனார். அறையில் ஆள் இருந்தால் தரை சூடாகுமாம். இல்லையென்றால் தானே தணிந்துவிடுமாம். இனி ஒவ்வோர் அறைக்கும் ‘வெளியே’ பொத்தானை அழுத்திச் சூட்டைத் தணித்தேனா இல்லையா என்று பேருந்தில் உட்கார்ந்து மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம்.

அப்பா நன்றாக இருக்கிறார். அதாவது, அப்படியே இருக்கிறார். கை அசைவதில்லை, கால் அசைவதில்லை, பேச்சு இல்லை. கண் மட்டும். போனில் உன் குரலைக் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் அந்தக் கண் அலைகிறது. பார்க்க முடியவில்லை. அதனால் கடிதமே எழுது. வாசித்துக் காட்டினால் அமைதியாகக் கேட்கிறார்.

ஒரு குறை. உன் அறையில் ஆளே இல்லை, ஆனால் பகலெல்லாம் தரை கொதிக்கிறது. கீழ்வீட்டு ஓக்புன் அம்மாதான் கண்டுபிடித்தார். நான் பள்ளிச் சமையலறையில் இருக்கும்போது, பத்து மணிக்கு வந்து அப்பாவைப் புரட்டிப் படுக்கவைப்பவர் அவர்தானே. “ஏண்டி இன்சுக், அந்த ரூமுல பேயைக் கீயை வாடகைக்கு வச்சிருக்கியா? சொல்லு, நானும் வந்து காலை நீட்டிக்கறேன்” என்றார்.

உன் மெத்தையை விரித்தே வைத்திருக்கிறேன். எந்த வாரமும் நீ வரலாம் என்று. வருவதில்லை என்பது வேறு விஷயம்.

உன் அக்கா,
இன்சுக்


சியோல், நவம்பர் 17

அன்புள்ள அக்கா,

பேயைப் பிடித்துவிட்டேன். நீ விரித்து வைத்த மெத்தைதான். அதனடியில் தரையின் சூடு தேங்குகிறது. ஆள் நீளம், ஆள் அகலம். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு யாரோ படுத்திருப்பதுபோலத் தெரிகிறது.

இங்கே எல்லோருக்கும் இதே தலைவலி. எங்கள் மேலாளர் சொன்னார்: “கட்டில்ல படுக்கறவன் யோசிச்ச கண்ணு இது. நம்ம தரையைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? நீ சொல்லிக் குடு.”

ஒரு வரி எழுதிச் சொல்லிக் கொடுத்தேன். தரையோடு ஒட்டி, வெதுவெதுப்பாக, நாற்பது நிமிடம் அசையாமல் எது கிடந்தாலும் அது தரைதான், ஆள் அல்ல. தூங்குகிறவர்கூட அதற்குள் ஒருமுறை புரண்டுவிடுவார். இங்கிருந்தபடியே நம் வீட்டுக் கண்களுக்கு அந்த வரியை அனுப்பிவிட்டேன். நம் வீடுதான் முதல் வீடு. கொஞ்சம் பெருமையாக இருக்கிறது.

அப்பாவிடம் சொல். பேச்சிருந்தால், “என்னடி, இன்னும் ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுட்டுதான் இருக்கியா?” என்று கேட்டிருப்பார்.

இந்த மாதம் வர முடியவில்லை. ஜனவரியில் கட்டாயம்.

உன் தங்கை,
நாரே


சுன்ச்சொன், டிசம்பர் 8

அன்புள்ள நாரே,

உன் அறை இப்போது பனிக்கட்டி. எரிவாயு பில்லும் குறைந்திருக்கிறது. பள்ளியில் முள்ளங்கி நறுக்கும்போது சொன்னேன், என் தங்கை செய்தது என்று. மூன்று தடவை சொன்னேனாம். “தெரியும்டி. காலைல சூரியனைக்கூட உன் தங்கச்சிதான் ஏத்தி விடறா” என்றாள் கூட நறுக்கும் சொன்ஜா. சிரித்துக்கொண்டேன். நாலாவது தடவையும் சொன்னேன்.

ஓக்புன் அம்மா மகளின் பிரசவத்துக்காகப் புசான் போய்விட்டார். முதல் தேதியிலிருந்து அப்பா காலை ஏழரை முதல் ஒன்றரை வரை தனியாக. கிளம்பும் முன் புரட்டிவிட்டுப் போகிறேன். வேறு வழி தெரியவில்லை.

மதியம் வந்து தொட்டால் பாதம் சில்லென்றிருக்கிறது. வீட்டுக்கு வரும் நர்ஸ், “வயசாச்சு இல்லையா, ரத்தம் கீழ வரைக்கும் எட்ட மாட்டேங்குது” என்றாள். கம்பளிக் காலுறை போட்டுவிட்டேன். காற்றுக்காக ஜன்னலை மட்டும் ஒரு விரல் அளவு திறந்துவைத்துப் போகிறேன்.

நேற்றிலிருந்து இருமல். லேசாகத்தான்.

உன் அக்கா,
இன்சுக்


சுன்ச்சொன், டிசம்பர் 30

நாரே,

அப்பா போய்ப் பத்து நாளாகிவிட்டது. மூன்று நாள் சாவுச் சடங்கிலும் அங்கே பரிமாறிய சூப்பை நீ தொடவே இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்கவில்லை.

ஒன்றை யாரிடமாவது சொல்ல வேண்டும். நிமோனியா என்று சொன்ன டாக்டர், “வீடு குளிரா இருந்துச்சா?” என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு ஜன்னல் ஞாபகம் வந்தது.

ஒரு விரல் அளவு. தினமும் என் கையாலேயே திறந்தேன். அவரால் மூடச் சொல்ல முடியாது. கண்ணால் சொல்லியிருப்பார். அப்போது நான் அங்கே இல்லை.

இதை நீ யாருக்கும் சொல்லாதே. நீயும் என்னை வெறுத்துவிடாதே.

அக்கா


சியோல், ஜனவரி 9

அக்கா,

ஜன்னல் இல்லை. முதலில் இதைப் படித்துக்கொள். ஜன்னல் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று நம் வீட்டின் பதிவுகளைத் திறந்தேன். அப்பாவின் அறை. டிசம்பர் முதல் தேதி முதல். நீ ஏழரைக்குக் கதவைச் சாத்துகிறாய். எட்டே காலுக்கு அந்த அறைக்கு நேரே ‘ஆளில்லை’ என்று விழுகிறது. தரைக்குப் போகும் சூடு நின்றுவிடுகிறது. ஒன்றரைக்கு நீ உள்ளே வந்ததும் ‘ஆள்’. அது நீ. இரவில் நீ அவர் பக்கத்தில் படுத்துப் புரள்வதால் சூடு நின்றதில்லை. மதியத்துக்குள் அறை பன்னிரண்டு டிகிரி வரை இறங்கியிருக்கிறது. ஒரு நாள் பத்து. ஆம்புலன்ஸ் வரும்வரை, நீ வேலைக்குப் போன ஒரு நாள்கூடத் தவறவில்லை.

தரையோடு ஒட்டி, வெதுவெதுப்பாக, அசையாமல். நான் எழுதிய வரி. அப்பா தரையில் விரித்த மெத்தையில் எப்படிப் படுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதை எழுதும்போது நான் நீ விரித்த வெற்று மெத்தையை நினைத்தேன். அவரை நினைக்கவில்லை. நவம்பரில் பத்து மணிக்கு ஓக்புன் அம்மா வந்து போனதால் அறை ஓரளவு தாங்கியிருக்கிறது. அதைக்கூட இப்போதுதான் பார்க்கிறேன்.

எல்லா வீடுகளிலிருந்தும் அந்த வரியை எடுக்கவைத்துவிட்டேன். ஏன் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பதிவுகளை வேறு யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் நீ வாழ்நாள் முழுக்க ஒரு ஜன்னலைச் சுமப்பாய். அதை என்னால் தாங்க முடியாது.

திட்டு. என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நாரே


சுன்ச்சொன், ஜனவரி 24

நாரே,

உன் கடிதத்தைப் பள்ளியில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். சொன்ஜா வந்து, “என்ன, தங்கச்சி இந்தத் தடவை நிலாவை ஏத்திட்டாளா?” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

நீ சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

டிசம்பர் பதினோராம் தேதி. மதியம் வந்து அப்பாவின் போர்வைக்கு அடியில் கையை விட்டேன். தரை சில்லென்றிருந்தது. பாதம் அல்ல, தரை. எழுந்து சுவரருகே போனேன். அங்கிருக்கும் பொத்தானை அழுத்தினால், அந்தக் கண்ணைக் கேட்காமல் பழையபடி நாள் முழுக்கச் சூடாகும். விரலை வைத்தேன். நாரே படித்தவள், அவள் செய்தது, எனக்கென்ன தெரியும் என்று கையை எடுத்துவிட்டேன். அதற்குள் நான் அறையில் நடமாடியதால் தரை சூடேற ஆரம்பித்துவிட்டது. பார், எல்லாம் சரி என்று நினைத்தேன்.

அதனால் நீ மட்டும் இல்லை.

இதை எழுதினால் நாம் கட்டிக்கொண்டு அழலாம் என்று தோன்றியது. அப்படி நடக்கவில்லை. உன் பெயரைப் பார்த்தாலே அந்தச் சுவர் தெரிகிறது. என் விரல் தெரிகிறது. உன் மேல் கோபமா என்று கேட்டால், தெரியவில்லை. ஜன்னலோடு நான் எப்படியோ வாழப் பழகிக்கொண்டிருந்தேன். பழி அந்த ஜன்னலில் இருந்தவரை உன் முகத்தைப் பார்க்க முடிந்தது. நல்ல எண்ணத்தில்தான் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாய். தெரியும்.

பிப்ரவரி 6, அப்பாவுக்கு நாற்பத்தொன்பதாம் நாள் பூசை. மலைக்கோயிலில் பேசிவிட்டேன். காலைப் பூசைக்கு நீ வா. பழங்களை நான் முன்தினமே கொடுத்துவிடுகிறேன். நீ இரண்டு மணிக்குள் இறங்கிவிடு. மூன்று மணிக்கு நான் ஏறி வருவேன்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்காதே. ஏறவும் இறங்கவும் அது ஒரே பாதை.

இன்சுக்