என் பக்கம் திருப்பிய பலகை

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, இரவு.

மந்தைவெளியில் மழைநீர் வடிகாலுக்காகத் தெருவை வெட்டியிருக்கிறார்கள். பகல் காவல் எனக்கு. பள்ளத்தின் முன்னால் தெருவைப் பார்த்து ஒரு பலகை இருக்கிறது. ‘எச்சரிக்கை. ஆழமான பள்ளம்.’ என் நாற்காலி அதற்குப் பின்னால்.

முதியோர் வகுப்பில் போன வாரம்தான் ‘ழ’ வந்தது. மத்தியானம் பலகையை என் பக்கம் திருப்பி வைத்துப் படித்தேன். திக்காமல் படித்துவிட்டேன்! அந்தச் சந்தோஷத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். மழைத் தண்ணீர் நிரம்பி, பள்ளம் தெருவைப் போலவே தெரிந்தது.

திரும்பி வந்தபோது மீன்காரி சரோஜா இடுப்பளவு சேற்றில் நின்றாள். தூக்கிவிட்டோம். கணுக்கால் வீங்கியிருந்தது.

“இன்னா நைனா, போர்ட இந்தப் பக்கம் பாத்து வெக்கக் கூடாதா? எனக்குப் படிக்கத் தெரியுமே!”

சூப்பர்வைசர் வந்து, கூலியாள் வேலுவின் மேல் பாய்ந்தார். காலையில் பலகையை வைத்தவன் அவன்.

“போர்டு கூட ஒழுங்கா வெக்கத் தெரியாதாடா? நாளைலேர்ந்து வராத.”

“நேராத்தான் சார் வச்சேன். தாத்தாவ கேளுங்க.”

நான் வாய் திறக்கவில்லை. வேலு போன மாதம்தான் ஊரிலிருந்து குடும்பத்தைக் கூட்டி வந்திருக்கிறான்.

காலையில் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். என் வேலை போகும். போகட்டும். ‘பலகையைத் திருப்பியது நான்.’ எழுதிவிட்டேன். கஷ்டமான எழுத்து ஒன்றுகூட இல்லை. வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன். ‘நான்’ என்ற இடத்தில் திக்குகிறது.