செத்த காலேஜுக்குப் போன தந்திக்காரர்

மாமா,

இன்று இந்தியன் மளிகைக் கடை வாசலில் காரை வெயிலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். முருங்கைக்காய் பொறுக்கும் இடத்தில் பழைய தோழி ஒருத்தியிடம் மாட்டிக்கொண்டேன். அவள் தன் பெண்ணின் கல்லூரிக் கதையை முடித்து என்னை விடுவித்த பிறகு வந்து கார்க் கதவைத் திறந்தால், குப்பென்று உங்கள் வாசனை. முன்சீட்டு பெல்ட்டில் நீங்கள் விட்டுப்போன தலைவலித் தைலம். டெக்சஸ் வெயிலில் வண்டி நன்றாகச் சூடேறினால் இன்னமும் எழுந்து வருகிறது. சுத்தம் பண்ணக் கொடுத்துப் பார்த்துவிட்டோம். உங்களை வெளியேற்றும் திறமை எங்கள் காப்பெல் ஊரில் எந்தக் கார் வாஷுக்கும் இல்லை.

ஏசியைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த சீட்டில் நீங்கள் வந்த பயணங்களில் ம்யூசியத்துக்குப் போன நாள்தான் முதலில் ஞாபகம் வந்தது. தனியாகச் சிரித்தேன். பக்கத்துக் காரில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்துவிட்டுத் தன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அந்தக் கதையில் உங்களுக்கு அப்போது தெரியாத பாதி ஒன்று உண்டு. நீங்கள் சென்னையிலிருந்து வந்திறங்கிய வாரமே உங்கள் பிள்ளைக்கு வேலை போய்விட்டது. "அப்பாவுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் இருக்கு. வந்ததும் வராததுமா எப்படிச் சொல்றது? ரெண்டு வாரத்துல வேற வேலை கிடைச்சிடும். அதுவரைக்கும் நீ வாயைத் தொறக்காத" என்றார் சுந்தர். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நான் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கிறார், நீங்களே சொல்லுங்கள்.

அந்த இரண்டு வாரம் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனது. தினமும் காலையில் உங்கள் பிள்ளை குளித்து, சட்டையை டக் பண்ணி, சாப்பாட்டு டப்பாவோடு 'ஆபீஸ்' கிளம்புவார். போகிற இடம் பக்கத்து ஊர் லைப்ரரி. கழுத்தில் பேட்ஜ் இல்லாவிட்டால் உங்களுக்குச் சந்தேகம் வருமாம். அதற்காக ஜிம் அட்டையைத் திருப்பி மாட்டிக்கொள்வார். நீங்களோ அவருக்கு முன்பே எழுந்து அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பீர்கள். "நான் பாத்துக்கறேன் மாமா" என்று கேட்டால் கொடுக்க மாட்டீர்கள். "காலர் சரியா நிக்கலன்னா மேனேஜர் என்னம்மா நெனைப்பான்?" என்பீர்கள். இல்லாத மேனேஜருக்காக நீங்கள் காலரை நீவிவிடுவதைப் பார்க்க எனக்கு ஒருபக்கம் சிரிப்பு, ஒருபக்கம் பாவமாக இருக்கும்.

அந்தக் கோடை விடுமுறையில்தான் உங்கள் பேத்தி நிலா ம்யூசியம் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். பள்ளியில் அடிமைகள் வரலாறு படித்திருந்தாள். டாலஸ் டவுன்டவுன் பக்கம் அடிமைத்தனத்தையும் விடுதலையையும் பற்றி ஒரு ம்யூசியம் இருப்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நான் ஒரு நாள் லீவு போட்டேன்.

"ம்யூசியமா? செத்த காலேஜ்தானே! ஓ, போலாமே" என்றீர்கள். நிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மிருகங்கள் உயிரோடு இருந்தால் உயிர் காலேஜ், செத்துப்போனதைப் பாடம் பண்ணி வைத்திருந்தால் செத்த காலேஜ், பழைய மெட்ராஸில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவளுக்கு விளக்கினேன். "திமிங்கில எலும்பு இருக்குமா?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். வெளியே நூறு டிகிரி வெயில். நீங்கள் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும். "உள்ள ஏசி போட்டிருப்பான்மா. எனக்குத் தெரியாதா?"

வாசலில் பையைச் சோதிக்கும் இளைஞன் உங்கள் ஃப்ளாஸ்க்கைத் திறக்கச் சொன்னான். திறந்தீர்கள். மோர். பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட மோர். அவன் ஒரு அடி பின்னால் போனான். "பட்டர்மில்க், சார். மெடிசின்!" என்று நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். உணவுக்கு அனுமதியில்லை, மருந்துக்கு உண்டு என்று அவனே ஒரு முடிவுக்கு வந்து உள்ளே விட்டான்.

உள்ளே திமிங்கிலம் இல்லை. சுவர் முழுக்கப் பெயர்கள். சில இடங்களில் பெயர்கூட இல்லை, வயது மட்டும். பருத்தி மூட்டைகள். ஏலம் விட்ட இடத்தின் படம். நீங்கள் பேசுவது மெல்ல மெல்லக் குறைந்தது. மூன்றாவது அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சின்ன இரும்பு வளையம் இருந்தது. நிலா தன் மணிக்கட்டைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தாள். அவள் கைக்குக்கூட அது போதாது. அவளைவிடச் சின்னப் பிள்ளையினுடையது.

நான் திரும்பிப் பார்க்கிறேன், நீங்கள் அறை வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறீர்கள். குல்லாய் ஏற்கெனவே கையில். காவலாளி ஓடி வந்தார். வாட்டசாட்டமான மனிதர்.

"சார், ஷூ போட்டுக்கணும். இங்கே விதி அது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"டெத் ஹவுஸ், சார்" என்றீர்கள் நீங்கள். "இன் டெத் ஹவுஸ், வீ நாட் வேர்."

அவர் உங்களைப் பார்த்தார். உங்கள் கால்களைப் பார்த்தார். ஒரு சாக்ஸில் கட்டைவிரல் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்க்கத் தொடங்கினார். நீங்கள் அந்த அறையைச் சுற்றி முடிக்கும்வரை அவர் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

சுற்றிக்காட்ட வந்த பெண்மணிக்கும் ஏறத்தாழ உங்கள் வயதுதான். கறுப்பின அம்மா ஒருவர், வெள்ளைத் தலை, மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. பத்துப் பன்னிரண்டு பேர் அவரைச் சுற்றி நின்றோம். விடுதலை ஆணை பிறந்து இரண்டரை ஆண்டுக்குப் பிறகுதான் டெக்சஸில் இருந்தவர்களுக்கு விடுதலை வந்தது, ராணுவம் வந்து இறங்கி ஜூன் பத்தொன்பதில் ஆணையை வாசித்த பிறகுதான் என்றார். அவ்வளவுதான், உங்கள் கை மேலே போனது. எனக்குத் திக்கென்றது.

"மேடம், ஒன் டவுட். தட் டைம், டெலிகிராஃப் வாஸ் தேர்?"

இருந்தது என்றார் அவர்.

"ஐ ஆம் டெலிகிராஃப் மேன், மேடம். தர்ட்டி இயர்ஸ் சர்வீஸ்." கூட்டம் முழுக்க உங்களைத் திரும்பிப் பார்த்தது. "லைன் இருந்தா மெசேஜ் வரும். வரலன்னா நடுவுல எவனோ புடிச்சு வெச்சிருக்கான். ஹூ ஹெல்ட் தி மெசேஜ்?" கோபம் வந்தால் உங்கள் ஆங்கிலத்தில் தமிழ் தானாகக் கலந்துவிடும். நடுவில் உள்ளதை நான் அவசரமாக மொழிபெயர்த்தேன். ஏதோ உங்கள் ஆபீஸில், உங்கள் ஷிப்டில், உங்கள் ஜூனியர் செய்த தப்பு மாதிரி நீங்கள் பதறினீர்கள்.

அந்த அம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டார். "சேதி வராமல் இல்லை சார். வந்துவிட்டது. கேட்டவர்கள் பலர். ஆனால் யார் கீழ்ப்படிய வேண்டுமோ அவர்கள் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்கள். இன்னொரு பருத்தி அறுவடை முடியட்டும் என்று இருந்தவர்களும் உண்டு என்பார்கள்."

"தெரிஞ்சே?" என்றீர்கள் தமிழில். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தலையை ஆட்டினார்.

"உங்க ஃபேமிலி, மேடம்? வென் தே காட் தி மெசேஜ்?"

"தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் ஊரோடு சேர்ந்து ஜூன் பத்தொன்பதைத்தான் நாங்களும் கொண்டாடுகிறோம்."

நீங்கள் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டீர்கள். நிலா உங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தெளிவாக, பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இட்ஸ் லைக் நோபடி டோல்ட் யூ டாடி லாஸ்ட் ஹிஸ் ஜாப்."

அப்பாவுக்கு வேலை போனதை உங்களிடம் யாரும் சொல்லவில்லையே, அது மாதிரியாம்.

எனக்கு அந்த ம்யூசியத்தின் தரை பிளந்து கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும் என்றிருந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கூரையிலிருந்த விளக்கைப் பார்த்தேன். உங்களுக்கு நெஞ்சு வலி வந்துவிடுமோ என்று ஒரு பயம். இங்கேயே கத்தப் போகிறீர்களோ என்று அதைவிடப் பெரிய பயம்.

நீங்கள் கத்தவில்லை. நிலாவிடம்தான் முதலில் பேசினீர்கள். "அதோட இதைச் சேக்காத கண்ணு. அது மகாபாவம். இது உங்கப்பன் பண்ண திருட்டுத்தனம்." பிறகு என்னிடம், குரலை இறக்கி, "அடுத்தவங்க துக்கத்துக்கு வந்த எடத்துல நம்ம வீட்டுச் சண்டை வேணாம். வண்டியில வெச்சுக்கலாம்" என்றீர்கள். மீதி அறைகள் அத்தனையையும் நிதானமாகப் பார்த்தீர்கள். கிளம்பும்போது அந்த அம்மாவிடம் போய்க் கைகூப்பினீர்கள். அவரும் கைகூப்பினார். பிறகு இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றீர்கள்.

வண்டியில் பெல்ட்டைப் போட்டதும் ஒரே ஒரு கேள்வி. "எங்க இருக்கான்?"

"லைப்ரரியில மாமா."

"ஓட்டு."

ஃப்ரீவே முழுக்கத் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தீர்கள். நெற்றியில், மூக்கில், நெஞ்சில். மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். ஃப்ளாஸ்க்கைக் காலடியில் தள்ளி வைத்தீர்கள்.

லைப்ரரியில் பெரியவர்கள் உட்காரும் பகுதியில் அவர் இல்லை. நிலாதான் கண்டுபிடித்தாள். குழந்தைகள் பகுதியில், ஐந்து வயதுப் பிள்ளைகள் உட்காரும் மஞ்சள் நாற்காலியில், முழங்கால் முகவாயைத் தொட, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் மகன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் ஒரு கரடி சிரித்துக்கொண்டிருந்தது. உங்களைப் பார்த்ததும் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது.

"அப்பா! இங்க... இங்க ஒரு க்ளையன்ட் மீட்டிங்..."

"யாரு, அந்தக் கரடியா?"

சுந்தர் நாற்காலியை விடுவித்துக்கொண்டு மறுபடி அதிலேயே உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்துடா?"

"நீங்க வந்த வாரம்பா."

"அப்ப நான் அயர்ன் பண்ண சட்டையெல்லாம்?"

"இங்கதான்பா போட்டுட்டு வந்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"ஸ்டென்ட்..." என்றார் சுந்தர். "உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..."

"ஸ்டென்ட் எனக்கு வெச்சது ஹார்ட்ல. வாய உனக்கு எவன்டா அடைச்சான்?"

குழந்தைகளுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்த லைப்ரரிக்காரப் பெண் உதட்டில் விரல் வைத்தாள். நீங்கள் உடனே கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டீர்கள். பிறகு இன்னொரு மஞ்சள் நாற்காலியை இழுத்து, பிள்ளைக்கு எதிரே, முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்தீர்கள். அப்போதுதான் அவர் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் குரல் மாறிவிட்டது.

"ஊறுகா வெச்சாளா?"

"மறந்துட்டாப்பா."

பழி என்மேல் வந்து விழுந்ததும் அப்பாவும் பிள்ளையும் சமாதானமாகிவிட்டீர்கள்.

அடுத்த நாளிலிருந்து இரண்டு பேருமாக ஆபீஸ் போனீர்கள். இரண்டு டப்பா, இரண்டு இஸ்திரி சட்டை. போகிற வழியில் நீங்கள் அவரை இன்டர்வியூ பண்ணுவீர்களாம். "ஒய் யூ லெஃப்ட் தி ப்ரீவியஸ் போஸ்ட்? ஸ்பீக் ட்ரூத்" என்று அதட்டுவீர்களாம். நிஜ இன்டர்வியூவில் அந்தக் கேள்வி வந்தபோது சுந்தர் பயத்தில் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிவிட்டார். அது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பழைய சம்பளம் இல்லை, ஆனாலும் வேலை கிடைத்தது. நீங்கள் விமானம் ஏறும்போது அவர் கழுத்தில் நிஜ பேட்ஜ் தொங்கியது. திருப்பிப் பார்த்துப் படத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே போனீர்கள்.

போன அக்டோபரில் ஒரு காலை, உங்கள் பெண் சென்னையிலிருந்து கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம் விளக்கேற்றும் நேரம். நீங்கள் டிபன் கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்விட்டீர்கள் என்றாள்.

நிலாவுக்கு அன்று மதியம் பள்ளியில் ஆர்கெஸ்ட்ரா போட்டி. மாதக்கணக்கில் வயலின் பழகியிருந்தாள். "போட்டி முடிஞ்சு சாயங்காலம் சொல்லிக்கலாம். பாவம், குழந்தை" என்று சுந்தர் முகத்தை மூடிக்கொண்டு சொன்னார். நான் சரி என்றுதான் சொல்லப் போனேன். அதற்குள் அவரே கையை எடுத்துவிட்டு, கார் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

பள்ளி அலுவலகத்தில் அவளை வரவழைத்துச் சொன்னோம். அவள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், அபூர்வமாகத் தமிழில்: "அங்க இன்னும் இன்னிக்கிதானா?"

"ஆமா கண்ணு. அங்கயும் இன்னும் இன்னிக்கிதான்" என்றேன். தாத்தா போன அன்றைக்கே சேதி தன்னிடம் வந்துவிட்டதா என்றுதான் கேட்டிருக்கிறாள்.

"ஓகே" என்றாள். அப்புறம்தான் அழுதாள். மூன்று பேரும் அந்த அலுவலகத்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து அழுதோம். போட்டிக்குப் போவதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டோம். போனாள். நடுவில் ஓரிடத்தில் வில்லைக் கீழே இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மற்றவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

எங்கள் வீட்டில் இப்போது எந்தச் சேதியும் ராத்தங்குவதில்லை, மாமா. போன மாதம் எனக்கு மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், பார்க்கிங்கிலிருந்தே சுந்தருக்கும் நிலாவுக்கும் ஒரே போனில் சொன்னேன். சோதனை முடிவு வரும்வரை மூன்று பேருமாகப் பயந்தோம். ஒன்றுமில்லை என்று வந்ததும் மூன்று பேருமாகப் போய் ஐஸ்க்ரீம் சாப்பிட்டோம். தனியாகப் பயந்திருந்தால் எனக்கு அது தாங்கியிருக்காது.